கடன்பட்டவளுக்குச் சாட்சி சொல்லும் உரிமை இல்லையா?

என் அம்மா ஒரு வன்கொடுமை வழக்கில் நேரடிச் சாட்சி. ஆனால் சம்பவம் நடந்து ஐந்து மாதங்கள் அவர் வாயைத் திறக்கவில்லை. போலீசுக்குப் பயந்து அல்ல; சாதிவெறியர்களின் கட்டைக்குப் பயந்தும் அல்ல. நாற்பதாயிரம் ரூபாய் கடனுக்குப் பயந்து. அந்தக் கடனை வாங்க வைத்தவள் நான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் என்று சொல்வது வழக்கம், நாங்கள் இருப்பது காலனி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். 2014இல் பொறியியல் சேர்ந்தபோது 2,60,000 ரூபாய் கல்விக் கடன் கிடைத்தது. நான்கு லட்சத்துக்குக் குறைவான கல்விக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. அந்த விதி இல்லையென்றால் நான் கல்லூரி வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம் படித்தேன், தேறினேன், சென்னைக்கு வந்தேன். கிடைத்த வேலைக்குச் சம்பளம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. விடுதி வாடகை, சாப்பாடு, பேருந்து, வீட்டுக்கு அனுப்பும் மூவாயிரம் போக மிச்சம் எதுவும் இல்லை. முதல் தவணையிலேயே தவறினேன். பிறகு அப்பா இறந்துபோனார். தவணை தவறுவது வழக்கமாகிவிட்டது.

2023 ஐப்பசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குத் தம்பியின் வண்டி மீது ஒரு வேன் மோதிவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பணம் அறுபதாயிரம் கட்டச் சொன்னார்கள். என் கணக்கில் ஆறாயிரம் இருந்தது.

சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கியின் செயலியில் தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்தேன். ஒரு நிமிடத்தில் மறுப்பு வந்தது. சிபில் மதிப்பெண் 542 என்று காட்டியது. இன்னும் இரண்டு நிறுவனங்களில் முயன்றேன், அதே பதில். இப்படி அடுத்தடுத்து விண்ணப்பிப்பதே மதிப்பெண்ணை இன்னும் குறைக்கும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் முகநூலில் பார்த்த ஒரு கடன் செயலியில் ஐயாயிரம் கேட்டேன். கைக்கு வந்தது மூவாயிரத்து இருநூறு. ஏழு நாளில் ஐயாயிரமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அம்மா தன் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி எட்டாயிரம் வாங்கினார். போதவில்லை. ‘அம்மா, யார்கிட்டயாவது கேளும்மா’ என்று போனில் அழுதேன். காலனியில் அந்த நேரத்தில் நாற்பதாயிரம் யாரிடம் இருக்கும்? அம்மா ஊர்த்தெருவுக்குப் போனார்.

பத்து வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். நாற்பதாயிரத்துக்கு மாதம் நாலாயிரம். நிரப்பாத புரோநோட்டில் கைநாட்டும் கையெழுத்தும், என் பெயரில் ஒரு வெற்றுக் காசோலை, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனைப் பட்டாவின் அசல். மூன்றும் அவர் வீட்டு பீரோவுக்குப் போயின.

தம்பியின் கால் பிழைத்தது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

மதிப்பெண் சாதியைக் கேட்பதில்லை

கடன் மதிப்பெண் என்பது 300லிருந்து 900 வரையிலான ஓர் எண். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி நான்கு நிறுவனங்கள் இந்தத் தகவல்களைச் சேகரிக்கின்றன. அதில் சிபில்தான் நமக்குத் தெரிந்த பெயர். அந்தப் படிவத்தில் சாதி என்ற கட்டம் கிடையாது. அதனால் அது நடுநிலையானது என்று நம் நண்பர்கள் பலர் நம்புகிறார்கள்.

என் அலுவலகத்தில் என்னோடு அதே சம்பளத்தில் சேர்ந்த ஒரு நண்பருக்கும் கல்விக் கடன் இருந்தது. அவரும் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தார். அந்த ஆறு மாதத் தவணையை அவருடைய சித்தப்பா கட்டினார். அவர் மதிப்பெண் 760. எனக்கும் சித்தப்பா இருக்கிறார். அவர் கரும்பு வெட்டப் போவதற்கு மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தையே இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறார். மதிப்பெண் அளப்பது என் நாணயத்தை அல்ல. ஒரு மாதம் வருமானம் நின்றால் தாங்கிப் பிடிக்க எனக்குப் பின்னால் எத்தனை ஏக்கர், எத்தனை பவுன், எத்தனை அரசு வேலைக்காரச் சொந்தங்கள் நிற்கின்றன என்பதைத்தான் அது சுற்றிவளைத்து அளக்கிறது.

அந்த ஏக்கர் ஏன் இல்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று நிலம் ஒதுக்கப்பட்டது. அதைப் பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை இருந்தும் பஞ்சமி நிலம் கைமாறியது. எப்படிக் கைமாறியது என்று நம் பாட்டன்களைக் கேட்டால் பாதிக் கதைகள் கடனில்தான் தொடங்கும். கல்யாணத்துக்கு, சாவுக்கு, வைத்தியத்துக்கு வாங்கிய சின்னத் தொகை, வைத்த கைநாட்டு, போன நிலம். இன்று நமக்குப் பிணை இல்லை என்று வங்கி சொல்கிறது. நம்மிடம் பிணை இல்லாமல் போனதே ஒரு கடனால்தான்.

கடனைக் காட்டி உழைப்பைப் பிடித்துவைப்பதும் இந்த மண்ணில் பழைய ஏற்பாடு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி கொத்தடிமைக் கடன் செல்லாது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் ‘அட்வான்ஸ்’ என்ற பெயரில் அது தொடர்கிறது. அங்கிருந்து மீட்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்பதை நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடனுக்கு மேல் எழுதப்பட்ட வட்டி

பத்து மாதத்தில் அம்மா கட்டிய வட்டி நாற்பதாயிரம். அசல் அப்படியே நாற்பதாயிரம். இதற்கு நடுவில் வாரக் குழுக் கடன் இரண்டு. ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் எடுப்பது, அதற்கும் போதாமல் தண்டல் வாங்குவது. தண்டல் என்றால் பத்தாயிரம் எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார்கள். நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறுதான் வட்டி போலத் தெரியும். முதல் நாளிலிருந்தே அசலும் குறைந்துகொண்டு வருவதால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

2024 ஆடித் திருவிழாவில் எங்கள் காலனிப் பையன் ஒருவன் ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனான். வழிமறித்து அடித்தார்கள். சாதி சொல்லித் திட்டினார்கள். களை எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த அம்மா கண்ணெதிரில் அது நடந்தது. பையனின் வீட்டார் புகார் கொடுத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அம்மா பெயர் சாட்சியாக வந்தது.

மறுநாள் காலை வட்டிக்காரர் எங்கள் வாசலில் நின்றார். அவர் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ‘சாட்சி சொல்லப் போறியாமே? தாராளமா சொல்லு. அதுக்கு முன்னால எங் கணக்க முடிச்சிட்டுப் போ’ என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு அம்மா போன் செய்தார். ‘நமக்கு எதுக்குடி வம்பு? நான் எதையும் பாக்கல’ என்றார்.

அந்தப் பையனின் அம்மாவும் என் அம்மாவும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். இருபது வருடமாக ஒன்றாக நடவுக்குப் போனவர்கள். அதன் பிறகு குழாயடியில்கூட இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. பத்து வட்டி எங்களிடமிருந்து பறித்தது மாதம் நாலாயிரம் மட்டும் அல்ல.

சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்று நாம் கூட்டங்களில் பேசுகிறோம். பயம் என்கிறோம், விலைபோனார்கள் என்கிறோம். இனி இப்படிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தச் சாட்சி யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்? 2015இல் வன்கொடுமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, சாட்சிகளுக்கு மிரட்டலிலிருந்து பாதுகாப்பு பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால் ‘கணக்க முடிச்சிட்டுப் போ’ என்பதும் மிரட்டல்தான் என்று எந்தக் காவல் நிலையத்தில் போய் விளக்குவது?

நாங்கள் வெளியே வந்த வழி

எங்கள் கதையில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அம்மாவை உட்கார வைத்து, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதினோம். அவ்வளவுதான் தொடக்கம். அம்மா முதலில் நான்கு கடன் சொன்னார். மாலைக்குள் அது ஒன்பது ஆனது. மறைத்து வைத்திருந்த ஐந்தும் வெட்கத்தால் மறைத்தவை. எழுதி முடித்ததும் அழுதார். ‘இவ்வளவுதானா? இதுக்கா ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்?’ என்றும் கேட்டார்.

பிறகு எங்கள் படிப்பகத்துக்கு வரும் வழக்கறிஞர் தோழரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். அவரிடமும் பிறகு அனுபவத்திலும் கற்றதை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இன்று இரவே தேவைப்படலாம்.

முதலில், கடன் தேடுவதற்கு முன் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை இலவசம் என்று அறிவித்தே அது தொடங்கப்பட்டது. தம்பியைச் சேர்த்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லை. 108ஐ அழைத்து, பட்டியலில் உள்ள இடத்துக்குக் கொண்டு போகச் சொல்லியிருந்தால் அந்த இரவில் அம்மா ஊர்த்தெருவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பொறியியல் படித்த எனக்கு அது தெரியவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு அதிகம் வலிக்கும் வரி இதுதான்.

இரண்டாவது, சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாளைக்கு முப்பது முறை அழைக்கும் செயலிக்காரனுக்குப் பயந்து கட்டிவிட்டு, அரிசிக்குத் தண்டல் வாங்கினோம். அரிசி, வாடகை, கரண்டு பில், மருந்து முதலில். அதற்குப் பிறகு, நம் உடலையும் பட்டாவையும் வாயையும் பிடித்து வைத்திருக்கும் கடன். அதன் பிறகு வட்டி அதிகமான கடன். வங்கிக் கடன் கடைசியில். வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: வருமானம் இவ்வளவு, இவ்வளவுதான் கட்ட முடியும், தவணையை மாற்றித் தாருங்கள் என்று. உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஓடி ஒளியவில்லை என்பதற்கு அந்தக் கடிதத்தின் நகல்தான் சாட்சி.

மூன்றாவது, கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். அவசரம் தவிர்க்க முடியாதது என்றால், மதிப்பெண் தடையாக இல்லாத இடங்களை முதலில் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் நகைக் கடன், மகளிர் குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடன், வேலை செய்யும் இடத்தில் சம்பள முன்பணம். கடைசியாகச் சொன்னதில், எழுதப்படாத நிபந்தனை எதுவும் இருக்கக் கூடாது. வெற்றுக் காசோலையிலும் நிரப்பாத புரோநோட்டிலும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

நான்காவது, வசூலுக்கு வருகிறவர்களுக்கும் விதி உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகளின்படி, காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் குழுக் கடன் வசூலுக்கு வரக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி நுண்கடன் கொடுக்கவே கூடாது. அம்மாவுக்குக் கொடுத்தவர்கள் எந்தக் கணக்கில் கொடுத்தார்கள்? குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை அம்மா கேட்டபோது வசூலுக்கு வந்த தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஆறு மணிக்கு மேல் தெருவுக்குள் வரவில்லை. அவரும் நம்மைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவர் சம்பளமும் வசூலில்தான் தொங்குகிறது.

ஐந்தாவது, செயலிகள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. ஒழுங்கான நிறுவனங்களின் செயலிப் பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாததைத் தொடாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், மிரட்டல் செய்திகளை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்குங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். மிக முக்கியமாக, அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே உங்கள் நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். என் படத்தை ஆபாசமாக மாற்றி எல்லாருக்கும் அனுப்புவேன் என்றான். நானே வாட்சப்பில் எல்லாருக்கும் எழுதினேன்: ‘ஒரு கடன் செயலியில் மாட்டிக்கொண்டேன். என் படம் எதுவும் வந்தால் புகார் செய்யுங்கள்’ என்று. அவன் அனுப்பினான். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று பேர் தங்களுக்கும் இது நடந்தது என்று தனியாக எழுதினார்கள்.

ஆறாவது, உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். என் அறிக்கையில், நான் வாங்கவே வாங்காத ஒரு செல்போன் கடன் இருந்தது. தவறு என்று எழுதினால் முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. வங்கி கேட்கவில்லை என்றால் முப்பது நாளுக்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. குறைந்தபட்சம் இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. அது அந்தந்த வங்கியின் கொள்கை. ‘விதி அப்படி’ என்று கவுன்டரில் சொன்னால், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பணம் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தொகையைக் குறைத்து முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும், முழுதாக முடித்தால் ‘குளோஸ்டு’. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். எதில் முடித்தாலும் பாக்கி இல்லை என்ற சான்றை வாங்காமல் வராதீர்கள்.

ஏழாவது, கடனுக்காக உங்களைச் சிறையில் போடுவோம் என்று சொன்னால் பயப்படாதீர்கள். கட்ட வழியில்லாத ஒருவரை, கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி பணத்துக்கான தீர்ப்பில் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. 60ஆம் பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் காசோலை திரும்பினால் அது வேறு, அது குற்ற வழக்கு. அதனால்தான் வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அந்தந்த நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

பத்து வட்டிக்காரருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அது தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறை. கடனாளி நீதிமன்றத்தில் நியாயமான தொகையைக் கட்டிவிட்டுக் கணக்கை முடிக்கவும் வழி உண்டு. 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வழக்கறிஞர் தோழர் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். ஏற்கெனவே வாங்கிய வட்டியை அசலில் கழிக்க வேண்டும், பட்டாவைத் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் புகார் என்று. ஒரு வாரம் கழித்து அவர் ஆள் அனுப்பினார். கடைசியில் பதினைந்தாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். பெரியப்பா மகன் அண்ணன், அண்ணியின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்தார். பட்டா, புரோநோட்டு, காசோலை மூன்றும் கைக்கு வந்த அன்று தோழர் அலுவலகத்திலேயே புரோநோட்டைக் கிழித்தோம்.

அவர் மீது ஏன் வழக்குப் போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சமரசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வழக்கைச் சுமக்க அம்மாவால் முடியாது. எதைச் சுமப்பது என்பதை அம்மாதான் தீர்மானித்தார்.

சட்டம் யாருக்குத் திறந்திருக்கிறது?

சட்டம் இருக்கிறது என்று எழுதுவது எளிது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் தீயில் எரிந்தார்கள். வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் கந்துவட்டி கேட்டு மிரட்டுகிறார்கள் என்று அதே அலுவலகத்தில் பலமுறை மனுக் கொடுத்தவர்கள். அப்போது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதினான்கு வயது. சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நிற்க நாலு பேர் இல்லையென்றால் அது வெறும் தாள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2016இல் திவால் சட்டம் வந்தது. பெரிய நிறுவனங்கள் அதன் வழியாகப் போய், கடனில் பெரும்பகுதி தள்ளுபடியாகி, புது முதலாளியின் கையில் புதுவாழ்வு பெறுகின்றன. அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. அதே சட்டத்தில் ஏழைகளுக்கும் ‘புதிய தொடக்கம்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. ஆண்டு வருமானம் அறுபதாயிரத்துக்கு மேல் போகாமல், சொத்து இருபதாயிரத்துக்கு மேல் இல்லாமல், சொந்த வீடு இல்லாமல், முப்பத்தைந்தாயிரத்துக்கு உட்பட்ட கடனோடு இருப்பவர் அதிலிருந்து விடுபடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வரம்புகளே கேலிக்கூத்து. அதைக்கூட இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. முதலாளிக்கான கதவு திறந்திருக்கிறது. நமக்கு மிச்சம், 1909, 1920ஆம் ஆண்டுகளின் வெள்ளையர் காலத் திவால் சட்டங்கள்; ஊர் வாயில் ‘மஞ்ச நோட்டீஸ்’ என்ற அவமானச் சொல்.

‘வாங்கின கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கட்ட வேண்டும். என் கல்விக் கடனை இப்போது மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா குழுத் தவணையில் தவறியதே இல்லை. காலனிப் பெண்களைப் போலக் கடனைத் திருப்பிக் கட்டுகிறவர்கள் யார்? வயிற்றைக் கட்டிக் கட்டுகிறார்கள். என் கேள்வி கட்டுவதைப் பற்றியது அல்ல. நாற்பதாயிரம் கொடுத்தவருக்கு என் அம்மாவின் கண்ணும் வாயும் எந்தக் கணக்கில் வட்டியாகப் போயின?

நாம் செய்ய வேண்டியது

அண்ணல் அம்பேத்கர் 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றி நூல் எழுதியவர். நாணயத்தையும் நிதியையும் படித்தவர். நாம் அவரை அரசமைப்புச் சட்டத்தோடும் நீலக் கொடியோடும் நினைக்கிறோம். பொருளாதார அறிஞர் என்பதைப் பிறந்தநாள் மேடையில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். நம் இயக்கத் தோழர்களுக்குள்ளும் கடன் பற்றிப் பேச வாய் வராது. நிலம் பேசுவோம், இடஒதுக்கீடு பேசுவோம், சினிமா பேசுவோம். தோழர் ஒருவர் திடீரென்று கூட்டத்துக்கு வராமல் போனால் ‘சோர்ந்துவிட்டார்’ என்போம். அவர் எந்தச் செயலிக்குப் பயந்து செல்போனை அணைத்து வைத்திருக்கிறார் என்று கேட்பதில்லை.

எங்கள் படிப்பகத்தில் இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ‘கடன் நாள்’. வருகிறவர்கள் தங்கள் கடனை ஒரு தாளில் எழுதுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் கடன் அறிக்கை எடுத்துக்கொடுக்கிறார்கள், கடிதம் எழுதிக்கொடுக்கிறார்கள். வழக்கறிஞர் தோழர் மாதம் ஒருமுறை வருகிறார். குடும்பத்துக்கு ஐம்பது ரூபாய் வீதம் ஓர் அவசர நிதி சேர்க்கிறோம். வட்டி இல்லை. இரவு பத்து மணிக்குக் கதவு தட்டினாலும் கிடைக்கும் என்பது மட்டும்தான் அதன் விதி. இப்போதைக்கு அதில் இருப்பது இருபதாயிரத்துக்கும் குறைவு. யாரையும் அது பணக்காரர் ஆக்காது. ஆனால் ஒரு இரவுக்காவது ஒருவரை ஊர்த்தெருவுக்குப் போகாமல் நிறுத்தும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. தாட்கோவின் மானியங்கள் வங்கிக் கடனோடு கட்டப்பட்டிருக்கின்றன. வங்கி மறுத்தால் மானியமும் போச்சு. வங்கியின் கருணைக்கு விடாமல், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் தாட்கோவே நேரடியாக அவசரக் கடன் தர வேண்டும். ‘புதிய தொடக்கம்’ அத்தியாயத்தை வரம்புகளை உயர்த்தி நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வன்கொடுமை வழக்கின் சாட்சிகளுக்கு, எதிர்த்தரப்புச் சாதியினரிடம் உள்ள கடன் விவரத்தைக் கேட்டு, அந்தக் கடனிலிருந்து பாதுகாப்புத் தர வேண்டும். சாட்சிப் பாதுகாப்பு என்றால் வாசலில் ஒரு காவலரை நிறுத்துவது மட்டும் அல்ல.

புரோநோட்டைக் கிழித்த அடுத்த வாரம் அம்மா விசாரணை அதிகாரியிடம் போனார். பார்த்ததைச் சொன்னார். தாமதம் ஏன் என்று கேட்டார்கள். ‘கடன் இருந்துச்சு சார், இப்ப இல்ல’ என்றார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த வரி வாக்குமூலத்தில் இருக்கிறது.

வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தாமதத்தை வைத்து எதிர்த்தரப்பு அம்மாவைக் குடைந்தெடுக்கும் என்று தோழர் சொல்லியிருக்கிறார். அம்மா தயாராக இருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். குழாயடியில் அம்மாவும் அந்தப் பையனின் அம்மாவும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழுத் தவணையைப் பற்றித்தான்.